தட்டிக்கொடுக்கும் கை

மல்லிகைப் பூ வாசனை யாருக்குத்தான் பிடிக்காது? திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கேட்கவே வேண்டாம். சாயங்காலமானால் தெருவில் பூக்காரம்மாவின் குரல் கேட்கும். முழம் போட்டு வாங்கித் தலையில் வைத்த பிறகுதான் எனக்கு அடுத்த வேலை ஓடும். அப்படிப்பட்ட நான், ஒரு வருஷத்துக்கும் மேலாக வீட்டுக்குள் மல்லிகைப் பூவை நுழையவே விடவில்லை என்றால் நம்புவீர்களா? பூக்காரம்மா தெருமுனையில் வரும்போதே ஓடிப் போய் ஜன்னலைச் சாத்துவேன்.

"சுமங்கலிப் பொண்ணு பூ வைக்க மாட்டேங்கிறாளே, இது நல்லதுக்கா?" என்று என் மாமியார் அடுத்த வீட்டில் சொல்லி அங்கலாய்த்தார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? காரணம் எனக்கே வெகு நாள் வரை புரியவில்லையே!

2022-ஆம் வருஷம், ஆவணி மாதம். நிலக்கோட்டையில் சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. வேன் பிடித்துப் பதினோரு பேர் போயிருந்தோம். நிலக்கோட்டைக்குப் போய்விட்டுப் பூ வாங்காமல் திரும்புவதுண்டா? காலையிலேயே மார்க்கெட்டில் இரண்டு கிலோ மல்லிகை வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தோம்.

இரவு திரும்பும்போது ஜன்னலோரத்தில் நான். மடியில் என் ஏழு வயது மகள். "பிள்ளைக்கு எதிர்காத்து ஆகாது, சளி பிடிச்சுக்கிரும். நீ இங்கிட்டு வா, நான் அங்கிட்டு உட்கார்றேன்" என்று சொல்லி என் சின்னம்மா இடம் மாறிக்கொண்டார். பூ மூட்டையும் அவர் மடிக்குப் போயிற்று.

அம்மையநாயக்கனூர் தாண்டி நாலு வழிச் சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். விளக்கே இல்லாமல் ஓரமாக ஒரு லாரி நின்றிருக்கிறது. டிரைவர் கடைசி நிமிஷத்தில் பார்த்து ஒடித்தார். சின்னம்மா உட்கார்ந்திருந்த பக்கம்தான் போய் மோதியது.

குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு இடது காரை எலும்பு முறிந்தது. சின்னம்மா அந்த இடத்திலேயே போய்விட்டார். ரோடெல்லாம் மல்லிகை சிதறிக் கிடந்தது. டீசல் நெடியும் பூ வாசனையும் ஒன்றாகக் கலந்து அடித்தது. வேறு எல்லாம் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. அந்த வாசனை மட்டும் முழுசாக நின்றுவிட்டது.

எலும்பு இரண்டு மாதத்தில் கூடிவிட்டது. "கையும் காலும் சுகமா இருக்கே, அப்புறம் என்ன?" என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் வேன் ஓட ஆரம்பித்துவிடும். குக்கர் விசில் அடித்தால் உடம்பு தூக்கிப் போடும். எங்கேயாவது டயர் வெடித்தால், பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இடம் மாற்றிக்கொண்டது நான்தானே, நான் போயிருக்க வேண்டிய இடத்தில் அவர் போனாரே என்ற எண்ணம் வேறு நெஞ்சை அறுத்துக்கொண்டே இருக்கும். யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை.

மகளின் பள்ளிக்கூட வேனை நிறுத்தினேன். தினமும் நானே நடத்தி அழைத்துப் போய், நடத்தி அழைத்து வந்தேன். நிலக்கோட்டைப் பக்கம் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. ஒரு நாள் குழந்தை பின்னாலிருந்து வந்து "அம்மா!" என்று முதுகில் கை வைத்தது. திரும்பின வேகத்தில் ஓங்கி அறைந்துவிட்டேன். அடுத்த நிமிஷம் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். அது அழவில்லை. என் முகத்தையே பார்த்தபடி நின்றது.

2023 சித்திரையில், பள்ளி விடுமுறைக்கு என் அண்ணனும் மதினியும் வந்தார்கள். மதினி நர்ஸ். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்த பிறகு, நாகப்பட்டினத்து முகாமில் இரண்டு மாதம் வேலை பார்த்தவர். நான் ஜன்னலைச் சாத்த ஓடியதைப் பார்த்தார். உடனே ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அங்கே கடல் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கிட்டவங்களைப் பார்த்திருக்கேன், தாயி. கடலிலேயே பிறந்து வளர்ந்தவங்க. அவங்களுக்குக் கடல்னா, உனக்குப் பூவா?" என்றார்.

அதைக் கேட்டதும் எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

இதற்கு ஒரு பேர் இருப்பதையே அன்றுதான் தெரிந்துகொண்டேன். பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்களாம். போருக்குப் போனவர்களுக்குத்தான் வரும் என்றில்லை. விபத்து, தீ, வெள்ளம், அடி உதை, கஷ்டமான பிரசவம் இவற்றிலிருந்து தப்பியவர்களுக்கும் வரலாம். ஆபத்துக்குப் பின் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் சகஜம். அநேகம் பேருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் விடாமல், வீட்டு வேலையையும் வெளி வேலையையும் கெடுத்தால்தான் அது நோய்.

"காவலுக்கு வச்ச நாய்னு நினைச்சுக்க. திருடன் போயி எட்டு மாசம் ஆச்சு. அதுக்குத் தெரியலை, இன்னும் குரைக்குது" என்று மதினி விளக்கினார். குரைக்கும் நாயை அதட்டினால் இன்னும் குரைக்கும். அதைத் தடவிக்கொடுத்து அடக்க ஒரு வழி இருக்கிறது என்று சொல்லி, ஏதோ பயிற்சி வகுப்பில் தாம் படித்த தட்டும் முறையைக் கற்றுக்கொடுத்தார்.

ரோஜர் காலஹன் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஆரம்பித்து வைத்த முறை அது. 1980 வாக்கில், தண்ணீரைக் கண்டாலே பயப்படும் ஒரு பெண்மணிக்குக் கண்ணுக்குக் கீழே விரலால் தட்டச் செய்ததில் பயம் போயிற்று என்று அவர் எழுதியிருக்கிறார். கேரி கிரெய்க் என்பவர் 1990-களில் அதை யாரும் செய்யும்படி எளிமையாக்கினார். தட்டும் இடங்கள் சீனத்து அக்குபங்சர் புள்ளிகளை ஒட்டியவை. "நம்ம ஊர் வர்மம் மாதிரியா?" என்று என் மாமியார் கேட்டார். வர்மத்தில் அடி, பிடி எல்லாம் உண்டு. இது தொட்டில் குழந்தையைத் தட்டுவது போலத்தான்.

எப்படித் தட்டுவது?

முதலில் அமைதியாக உட்கார்ந்து, இப்போது பயம் பத்துக்கு எத்தனை என்று மனசுக்குள் மார்க் போட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு ஒரு கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரச் சதையை, மறு கையின் விரல்களால் தட்டிக்கொண்டே உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். "எனக்கு இந்தப் பயம் இருக்கு. இருந்தாலும் நான் என்னை ஏத்துக்கறேன்" என்று மூன்று தடவை. எனக்கு இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மதினி, "சரி, உனக்கு வர்ற மாதிரி சொல்லு" என்றார். நான், "பயமா இருக்கு. ஆனா இப்போ என் வீட்டிலே இருக்கேன். என் பிள்ளை பத்திரமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டேன்.

அதன் பின், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, ஒவ்வோர் இடத்திலும் ஏழு தடவை மெதுவாகத் தட்ட வேண்டும். புருவம் தொடங்கும் இடம், கண்ணின் வெளி ஓரத்து எலும்பு, கண்ணுக்குக் கீழ் எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவே, காரை எலும்புக்குக் கீழே, அக்குளுக்கு நாலு விரல்கடை கீழே, கடைசியாக உச்சந்தலை. முறிந்து கூடிய இடது பக்கத்தை விட்டுவிட்டு நான் வலது பக்கம் மட்டும் தட்டுவேன். ஒரு சுற்று முடிந்ததும் நீளமாக மூச்சு விட்டு, மறுபடி மார்க் போட வேண்டும்.

முதல் நாள் ஒன்பதில் ஆரம்பித்து ஏழில் வந்து நின்றது. 'இவ்வளவுதானா?' என்று இருந்தது. ஆனால் அந்த ஏழோடு எழுந்து போய் இட்லிக்கு அரைக்க முடிந்தது. தினமும் குளித்த பிறகு ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை செய்தேன். நடுராத்திரி விழிப்பு வந்தால், முன்பெல்லாம் விடிய விடிய உட்கார்ந்திருப்பேன். இப்போது நாலு சுற்றுத் தட்டினால் கண் சொருகியது.

என் கணவருக்கு நாகல் நகரில் பூட்டுப் பட்டறை. நான் தட்டிக்கொள்வதைப் பார்த்து முதலில் சிரித்தவர், பிறகு தம் தொழில் பாஷையில் சொன்னார்: "இறுகிப் போன பூட்டை முறுக்கினா சாவிதான் உடையும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லேசாத் தட்டணும். அப்படித்தானே?" எட்டு மாதத்தில் என் கஷ்டத்தைப் பற்றி அவர் பேசிய முதல் பேச்சு அது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். மகள் படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய துணிப் பொம்மை. அதன் நெற்றியிலும் கண்ணுக்குக் கீழும் இரண்டு விரலால் தட்டிக்கொண்டு, "பயமா இருக்கு... ஆனா வீட்டுலதான் இருக்கோம்... சின்னப் பாட்டி சாமிகிட்ட இருக்காங்க..." என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கால் ஓடவில்லை. "என்ன பாப்பா செய்யறே?"

"பொம்மைக்குப் பயமாம்மா. அதுவும் வேன்ல வந்துச்சுல்ல?"

அன்று அவள் மடியில் அந்தப் பொம்மை இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. பொம்மையை மட்டுமா மறந்தேன்? என் மடியில் இருந்த குழந்தையையும் அல்லவா மறந்துவிட்டேன்! 'அதுக்கு என்ன, சின்னப் பிள்ளை, ஒரு கீறல்கூட இல்லை, மறந்திருக்கும்' என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். அது என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, எனக்கு எது கஷ்டமோ அதைப் பேசாமலே இருந்திருக்கிறது. பத்து மாதமாகக் குழந்தை தனியாகச் சுமந்திருக்கிறது.

மறுநாளே மதினிக்குப் போன் செய்தேன். "தட்டினது போதும்னு இருந்துறாதே. ரெண்டு பேரும் மனநல டாக்டரைப் பாருங்க" என்றார். நானும் மகளும் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். 'பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர்கிட்டயா பிள்ளையைக் கூட்டிட்டுப் போறே?' என்று ஊரில் கேட்காமல் இல்லை. பேசுகிறவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் தட்டும் விஷயத்தைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. தலையில் வைத்துக் கொண்டாடவும் இல்லை.

"2013-ல 59 பழைய சிப்பாய்களை வச்சு அமெரிக்காவிலே ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. ஆறு தடவை இந்த முறையைச் செஞ்சவங்கள்ல பெரும்பாலோருக்கு நல்லாவே குறைஞ்சுது. ஆனா அது சின்ன ஆராய்ச்சி. சிகிச்சைக்காகக் காத்திருந்தவங்களோடதான் ஒப்பிட்டாங்க, வேற வைத்தியத்தோட இல்லை" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்க பொண்ணு செஞ்சதையே 2003-ல கனடாவில் ஒரு ஆராய்ச்சியில் செஞ்சு பார்த்திருக்காங்க, தெரியுமா?" என்று கேட்டார்.

உயரத்தைக் கண்டு பயப்படும் கல்லூரி மாணவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சொன்ன புள்ளிகளில் தட்டச் சொன்னார்களாம். ஒரு பகுதியினரைக் கையில் வேறு ஏதோ இடங்களில் தட்டச் சொன்னார்களாம். இன்னொரு பகுதியினரை ஒரு பொம்மையின்மேல் தட்டச் சொன்னார்களாம்! மூன்று வகையினருக்குமே பயம் குறைந்ததாம். தட்டாதவர்களுக்குத்தான் குறையவில்லை.

"அப்போ புள்ளி எல்லாம் பொய்யா டாக்டர்?"

"புள்ளியிலே சக்தி ஓடுதுங்கிறதுக்கு ஆதாரம் இல்லைம்மா. பயத்தை நினைச்சுக்கிட்டே, நிதானமா ஒரு வேலை செய்யறீங்க, வாயால சொல்றீங்க, மூச்சு சீராகுது. அதிலேதான் பலன் இருக்குன்னு நான் நினைக்கிறேன். பிடிச்சிருந்தா தாராளமாச் செய்யுங்க. ஆனா மருந்துக்குப் பதிலா வச்சுக்காதீங்க."

உலக சுகாதார நிறுவனம் 2013-இல் இந்த நோய்க்குப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சிபாரிசு செய்தவை இரண்டு பேச்சு சிகிச்சைகள். அதிர்ச்சியைப் பற்றியே பேசிப் பேசி எண்ணத்தைச் சரி செய்வது ஒன்று. பிரான்சின் ஷபிரோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1980-களின் கடைசியில் கண்டுபிடித்தது இன்னொன்று. அதில் பழைய சம்பவத்தை நினைத்துக்கொண்டே, டாக்டரின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் பின்தொடர வேண்டும். எனக்கு முதல் வகைதான் நடந்தது. வாரம் ஒரு தடவையாகப் பன்னிரண்டு தடவை போனேன். முதலில் சம்பவத்தைச் சொன்னேன், பிறகு எழுதினேன், பிறகு எழுதியதை உரக்கப் படித்தேன். இடம் மாறிய கதையைச் சொல்லி அழுதபோது அவர் கேட்டார்: "உங்க சின்னம்மா எதுக்காக இடம் மாறினாங்க?" "குழந்தைக்குக் காத்து ஆகாதுன்னு." "அப்போ அது யாரோட முடிவு?" ஒன்றும் சொல்லாமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அது சின்னம்மாவின் பிரியம். நான் செய்த பாவமாக அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்குப் பட்டாம்பூச்சி அணைப்பு என்று ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். மெக்ஸிகோ நாட்டில் 1997-இல் பெரிய புயல் அடித்த அகபுல்கோ நகரத்தில், அங்கே பிழைத்தவர்களுக்காக லூசினா அர்டிகாஸ் என்ற பெண்மணி உண்டாக்கியதாம். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்து, இடது தோள், வலது தோள் என்று பட்டாம்பூச்சி இறகடிப்பது போல மாற்றி மாற்றித் தட்டிக்கொள்வது. படங்கள் வரையச் சொன்னார். முதல் படத்தில் வேன் மட்டும் இருந்தது. நாலாவது படத்தில் சின்னப் பாட்டியும் பூவும் வந்தார்கள்.

பூவுக்கும் படிப்படியாகத்தான் வைத்தியம். முதல் வாரம் ஒரே ஒரு மொட்டு, திண்ணையில். நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டு தட்டுவேன். அடுத்த வாரம் மேஜை மேல். பிறகு கையில். பஸ்ஸும் அப்படியே. முதலில் சின்னாளபட்டி வரை போய்த் திரும்பினேன். அடுத்து அம்பாத்துரை வரை. 2024 பொங்கலன்று சின்னம்மா படத்துக்கு நானே மல்லிகை கட்டிப் போட்டேன். கை நடுங்கியது. ஆனாலும் கட்டி முடித்தேன்.

முற்றும் குணமா என்று கேட்பீர்கள். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி இரவு, எங்கள் ஊரில் திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து, ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்துபோனார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் அடுத்தடுத்துக் கேட்டபோது, என் உடம்பு மறுபடியும் அந்த ரோட்டுக்கே போய்விட்டது. எட்டு மார்க். உட்கார்ந்து தட்டினேன். மகளும் பக்கத்தில் வந்து பட்டாம்பூச்சி போட்டுக்கொண்டாள். அரை மணியில் நாலுக்கு வந்தது. அதோடு தூங்கினோம். முன்பானால் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

அன்று புகைக்குள்ளிருந்து பிழைத்து வந்தவர்களை நினைத்துத்தான் இதை எழுதத் தோன்றியது. உடம்பில் காயம் இல்லை என்று அவர்களையும் யாரேனும் சும்மா விட்டிருக்கக்கூடும்.

சகோதரிகளே, தட்டுவதற்குக் காசு வேண்டாம். அடுப்படியிலும் செய்யலாம், பஸ் ஸ்டாண்டிலும் செய்யலாம். ஆனால் இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். நினைத்தாலே மயக்கம் வரும் அளவுக்குக் கொடுமையான சம்பவத்தைத் தனியாக உட்கார்ந்து கிளறாதீர்கள். சின்னப் பயத்தில் ஆரம்பியுங்கள். ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் இல்லை, கோபம் அடங்கவில்லை, உயிர் வாழ்வதே பாரமாக இருக்கிறது என்றால் டாக்டரிடம் போக ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில், 2022 அக்டோபரிலிருந்து இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

குழந்தை இருக்கும் வீடானால், அதையும் கேளுங்கள். "உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று ஒரு கேள்வி போதும். நான் அதைக் கேட்கப் பத்து மாதம் ஆயிற்று.

சென்ற மாதம் நிலக்கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். திரும்பும் வழியில் அந்த இடம் வந்தது. என் விரல் தானாகக் கை ஓரத்தைத் தட்ட ஆரம்பித்தது. மகள் என் கையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டு, "நான் தட்டுறேம்மா, நீ வெளியே பாரு" என்றாள். பார்த்தேன். ரோடுதான் தெரிந்தது.